தலைவர் வீட்டுத் தீட்டு

ஈச்சங்கொல்லையில் ஒரு சாவு விழுந்தால் முதலில் ஆள் அனுப்புவது செல்லியம்மாள் வீட்டுக்குத்தான். மூங்கில் வெட்டுவது, குழி தோண்டுவது எல்லாம் அதற்கு அப்புறம். ஜவ்வாது மலையின் அந்தப் பக்கத்து ஏழெட்டு ஊர்களில் அவளைப் போல ஒப்பாரி வைக்க ஆள் கிடையாது. கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு அவள் ஓர் இழுப்பு இழுத்தாள் என்றால், செத்தவனோடு பத்து வருஷமாகப் பேசாத பங்காளிகூட மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவான்.

அவள் தொழிலில் ஒரு சுத்தம் உண்டு. எல்லாச் சாவுக்கும் ஒரே பாட்டைப் பாடுகிற சோம்பேறித்தனம் அவளிடம் இல்லை. செத்தவருக்கு எத்தனை பிள்ளை, எந்தக் காட்டில் சாமை விதைத்தார், கறியில் எந்தத் துண்டு பிடிக்கும், கோபம் வந்தால் என்ன சொல்லித் திட்டுவார், அத்தனையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாயைத் திறப்பாள். ஒரு தடவை அழுதவரை மறக்கவும் மாட்டாள். பிற்பாடு ஒரு பெரிய மனுஷனைக் கவிழ்த்தது இந்த ஞாபகசக்திதான்.

அவள் புருஷன் போய் ஆறு வருஷம். பிள்ளைகுட்டி இல்லை. கொஞ்சம் சாமைக்காடு, இரண்டு ஆடு, நாலு கோழி, யாருக்கும் அடங்காத ஒரு வாய். இதற்கு மேல் அவளிடம் இருந்தது ஒரே ஒரு மனக்குறை. அந்த மனக்குறைக்குக் கஞ்சப்புளி என்று பெயர்.

கஞ்சப்புளி ஒரு மரம். ஊரில் முப்பத்தெட்டு வீடு, ஊர்ப் பொதுவில் முப்பத்தெட்டுப் புளியமரம். தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஊர்ச்சபை கூடும். அன்றைக்கு இரண்டு காரியம் நடக்கும். முதலில் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். தலைவராக நிற்கிறவர்கள் ஆளுக்கொரு சுரைக்குடுவையை வைக்க, வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை என்று, பிடித்தவர் குடுவையில் கையை விட்டுப் போட்டுவிட்டு வரவேண்டும். யார் யாருக்குப் போட்டார் என்று கேட்கக் கூடாது. அடுத்ததாக மரங்களுக்குத் திருவுளச்சீட்டு. எந்த வீட்டுக்கு எந்த மரம் விழுகிறதோ, அந்த வருஷத்துப் புளி அந்த வீட்டுக்கு. ஆனைப்புளி விழுந்தால் எட்டு மூட்டை. கஞ்சப்புளி விழுந்தால் ஒரு கூடை நிறைந்தாலே மகராசி. ஊர் நடுவில் நின்றுகொண்டு நிழல்கூடச் சரியாகத் தராத அந்த மரத்தால் ஒரே ஒரு பிரயோசனம்தான் இருந்தது. ஊரைக் கூட்டுகிற தமுக்கு அதன் கிளையில்தான் தொங்கும். யாருக்குக் குறை இருந்தாலும் போய்த் தட்டலாம், ஊர் கூடும்.

ஐம்பத்தெட்டாம் வருஷத்துத் தையில் தீர்த்தகிரி தலைவரானார். சீட்டில் அவருக்கு ஆனைப்புளி விழுந்தது. செல்லியம்மாளுக்குக் கஞ்சப்புளி. எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான் சிரித்தாள். ஒரு வருஷம்தானே, அடுத்த தைக்கு மாறிவிடும்.

தீர்த்தகிரி மோசமான ஆள் என்று சொல்லிவிட முடியாது. வாணியம்பாடி, திருப்பத்தூர் எல்லாம் போய் வந்தவர். காலில் செருப்பு, கையில் கறுப்புக் குடை. கல்யாணம் கட்டவில்லை, "ஊருதான் எங் குடும்பம்" என்பார். அந்த வருஷம் கிணற்றைத் தூர் வாரினார், கோயிலுக்கு ஓடு போட்டார். ஊரே மெச்சியது.

மறு வருஷம் சபை கூடுகிற வெள்ளிக்கிழமை காலையில் அவருடைய பெரியப்பா நெல்லிவாசலில் இறந்துபோனார். நிஜமாகவே இறந்தார், அதில் ஒரு சூதும் இல்லை. தலைவர் வீட்டில் தீட்டு என்றால் பதினாறு நாள் சபை கூடக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். பதினாறு நாள் கழிவதற்குள் மாசி பிறந்து புளி உலுக்க ஆரம்பித்துவிட்டார்கள். உலுக்க ஆரம்பித்தால் அந்த வருஷத்துக்கு மரம் கை மாறாது, தலைவரும் மாறமாட்டார். அதுவும் வழக்கம்தான். பதினாறாம் நாள் தீர்த்தகிரி ஆடு அடித்து ஊருக்கே கறிசோறு போட்டார். ஆனைப்புளி இன்னொரு வருஷம் அவருக்கே என்பதை, கையில் எலும்பை வைத்துக்கொண்டு யாரும் பெரிதாக எண்ணவில்லை.

அன்றைக்குத்தான் தீர்த்தகிரியின் மண்டையில் விளக்கு எரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவருடைய சொந்தக்காரர்கள் கொத்துக் கொத்தாகச் சாக ஆரம்பித்தார்கள். மழை நின்றதும் சபையைக் கூட்டச் சொல்லி நாலு பேர் கேட்டால், மறுநாள் விடிகாலையில் சின்ன அத்தை போய்விட்டாள். அடுத்த தையில் படவேட்டு மாமன் ராஜாக்கண்ணு. ஆடியில் ஒரு பங்காளி. எல்லாம் தூரத்து ஊர்ச் சாவுகள். தலைவர் குடையை எடுத்துக்கொண்டு போய் எடுத்துப்போட்டுவிட்டு வருவார். இங்கே அவருடைய எடுபிடி முனியன் தமுக்கைத் தட்டித் தீட்டைச் சொல்வான். செல்லியம்மாள் தலைவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுவாள். பதினாறாம் நாள் கறிசோறு.

தமுக்கையும் சும்மா விடவில்லை. "மரத்துல தொங்குனா எலி கடிச்சிடுது" என்று அதைத் தன் வீட்டுக்குள் எடுத்துவைத்துக்கொண்டார். தோலை எலி கடிக்கும்தானே, யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. பிறகு தீட்டு நாளில் கிணற்றடியில் நாலு பேருக்கு மேல் நின்று பேசினால் செத்தவர் ஆத்மா சாந்தியடையாது என்று ஒரு புது வழக்கம் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள முனியன் ஒரு கழியோடு கிணற்றடியில் உட்கார்ந்தான். "எப்படிச் செத்தாரு?" என்று கேட்பது செத்தவரை அவமதிப்பது என்று இன்னொரு வழக்கம். வழக்கம் என்றால் பாட்டன் பூட்டன் காலத்தில் வந்தது என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. இவை எல்லாம் செவ்வாய்க்கிழமை பிறந்து புதன்கிழமையே பழசாகிவிட்டன.

ஏழாவது சாவு அறுபத்தொன்றாம் வருஷத்து ஐப்பசியில் விழுந்தது. செல்லியம்மாள் கூந்தலை அவிழ்த்துக்கொண்டே முனியனைக் கேட்டாள்.

"யாருடா இந்த வாட்டி?"

"மாமன் ராஜாக்கண்ணுக்கா. படவேட்டுல."

அவிழ்த்த கூந்தலோடு அவள் அப்படியே நின்றாள். "அவர ரெண்டு வருசம் முன்னாடியே அழுதுட்டேனேடா. வலது காதுல கடுக்கன், நாட்டுக்கோழின்னா உசுரு, கோவம் வந்தா 'எலே எருமெ'ம்பாரு."

"அது பெரிய மாமன். இவரு சின்ன மாமன்."

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"ஆமா."

"இவருக்கு இன்னாடா புடிக்கும்?"

"நாட்டுக்கோழி" என்றான் முனியன், பாவம்.

அவள் அழத்தான் அழுதாள். ஆனால் அன்றைக்கு அழுகை நெஞ்சிலிருந்து வரவில்லை, தொண்டையிலிருந்துதான் வந்தது. தன்னை வைத்துப் பொய்யை மெய்யாக்கிக்கொண்டிருக்கிறான் இந்த ஆள் என்று புரிந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நிஜமான கண்ணீரை அல்லவா கொட்டியிருக்கிறாள்! அந்தச் சின்ன அத்தைக்காக மூன்று நாள் தொண்டை கட்டிக்கொண்டு கிடந்தாளே! சொன்னால் யார் நம்புவார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடிக்கொண்டது அவளுக்கே புதுசு.

அந்தப் பதினாறாம் நாள் விருந்தில், இலை போடுவதற்கு முன் எல்லோரிடமும் ஒரு காகிதத்தில் பெருவிரல் ரேகை வாங்கினார்கள். யார் வீட்டுக்குக் கறி போயிற்று என்று தெரிவதற்காம். கறி வாசனை மூக்கில் ஏறியிருந்தது. செல்லியம்மாளும் விரலை மையில் அழுத்திக் கொடுத்தாள்.

தை பிறந்தது. தலைவர் குடையை எடுத்துக்கொண்டு மலையிறங்கிவிட்டார் என்று சொன்னார்கள். சபைக்கு முந்தின நாள் வாணியம்பாடி லத்தீப் ஜீப்பில் வந்தார். வருஷா வருஷம் புளி வாங்க வருகிறவர். ஊருக்கு வேண்டிய உப்பும் மண்ணெண்ணெயும் அவர் வண்டியில்தான் ஏறும்.

"செல்லியம்மா, இந்த வருசம் உங்க மரம் எது?"

"இன்னும் சீட்டே எடுக்கல பாய். நாளைக்குத்தான் சபை. அதுக்குள்ள தலைவர் வூட்ல எவனாவது செத்துடாம இருக்கணும்."

லத்தீப் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "உங்க தலைவரு எங்க ஊர்லதாம்மா இருக்காரு. எங்க தெருவுல மனு எழுதறவர் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட குந்திக்கினு கீறாரு. காகிதத்த நானே படிச்சிப் பார்த்தேன். 'எங்க ஊர்ல வருசா வருசம் சபை தேவையில்ல, தீர்த்தகிரியே ஆயுசுக்கும் தலைவரா இருக்கணும், மரமெல்லாம் இப்ப இருக்கறபடியே இருக்கணும்னு நாங்க எல்லாரும் கேட்டுக்கறோம்'னு இருக்குது. அடியில முப்பத்தெட்டு ரேகை. உங்க ரேகையும் இருக்குமேம்மா?"

செல்லியம்மாள் தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாள். மை எப்போதோ போய்விட்டது. இருந்தாலும் அந்த விரலை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

"இந்த மாசம் தில்லிக்கே ஓட்டுப் போடறாங்க, தெரியுமா?" என்றார் லத்தீப். "பொட்டியத் தூக்கிக்கினு மலைக்கெல்லாம் வரப்போறாங்க. இங்க இன்னாடான்னா புளியங்கொட்டைக்கே தீட்டு!"

ஆயுசுக்கும் கஞ்சப்புளி. அன்று அவளுக்குக் கஞ்சி இறங்கவில்லை. வருஷம் ஒரு கூடைப் புளி அல்ல அவளை உறுத்தியது. மாறும் என்று நினைத்தால் எதையும் தாங்கிக்கொள்ளலாம். மாறவே மாறாது என்று அவளுடைய விரலே எழுதிக் கொடுத்திருக்கிறதே!

மறுநாள் வெள்ளிக்கிழமை. சூரியன் மேலே வரும்போதே முனியன் தமுக்கைத் தட்டினான். "இதனால சகலமானவங்களுக்கும் தெரிவிக்கறது இன்னான்னா, தலைவர் வூட்ல சாவு! பதினாறு நாளு தீட்டு! சபை கெடையாது!"

செல்லியம்மாள் கூந்தலை அவிழ்த்துக்கொண்டு நடுத்தெருவில் வந்து நின்றாள். "யாருடா?"

இங்கேதான் தீர்த்தகிரி ஒரு பிழை செய்திருந்தார். புறப்படும்போது "வெள்ளிக்கிழமை காலையில சாவு சொல்லிடு" என்றார். "யார் சாவு?" என்று முனியன் கேட்டதற்கு, "எவனையாவது சொல்லேன், இதெல்லாங்கூட நானே சொல்லணுமா?" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போய்விட்டார். நாலு வருஷம் பதவியில் இருந்தால் பொய் சொல்லக்கூட ஆள் வைத்துக்கொள்ளத் தோன்றும் போலிருக்கிறது.

"பெரியப்பா" என்றான் முனியன்.

"அழுதாச்சி."

"சின்னத்தை?"

"என்னெ எதுக்குடா கேக்கற? அவளையும் அழுதாச்சி. பல்லு எடுப்பா இருக்கும், தேனு காய்ச்சறதுல கெட்டி."

"மாமன் ராஜா..."

"ரெண்டு தபா அழுதாச்சி!"

ஜனங்கள் சேர ஆரம்பித்தார்கள். நாலு பேருக்கு மேலேயே சேர்ந்தார்கள். முனியன் ஒரு கையில் கழியும் ஒரு கையில் தமுக்கும் வைத்துக்கொண்டு வியர்த்தான்.

"மச்சான் அர்ச்சுனன்" என்றான்.

"நான் இங்கதான்டா கீறேன்!" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. அர்ச்சுனன் வாயில் வேப்பங்குச்சியோடு நின்றுகொண்டிருந்தான்.

"சொல்லுடா முனியா" என்றாள் செல்லியம்மாள். "அண்ணனேன்னு அழட்டா, மாமனேன்னு அழட்டா? பேர் தெரியாம எப்புடிடா அழுவறது? தலைவர் வூட்ல இன்னும் சாவாதவங்க யாருடா பாக்கி?"

முனியன் மனசுக்குள் அந்த வீட்டில் சுற்றிச் சுற்றி வந்தான். ஒருவரும் அகப்படவில்லை. ஒரே ஒருவர்தான் பாக்கி.

"தலைவருதான்" என்றான். "தலைவரே பூட்டாரு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே காதில் விழுந்தது. முகம் சாம்பலாகிவிட்டது. ஆனால் தமுக்கைத் தட்டிச் சொன்ன சாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கூடாது. வாங்கினால் சொன்னவன் வீட்டுக்கு ஊரே தீ தண்ணீர் கொடுக்காது. அந்தப் பழைய வழக்கம் முனியனுக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும். தலைவர் செத்தால் மூன்றாம் நாளே சபை கூடியாக வேண்டும், செத்தவன் வீட்டில் தலைவருக்கு உரிய கோல் தங்கக் கூடாது என்பதும் வழக்கம். எந்தத் தீட்டும் அந்தச் சபையைத் தடுக்காது.

செல்லியம்மாளுக்குத் தெரியும், அந்த ஆள் வாணியம்பாடியில் பிரியாணி தின்றுகொண்டிருப்பார் என்று. 'பொய்' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்த்தகிரி தப்பித்துவிடுவார். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் இத்தனை நாள் சொன்ன சாவையெல்லாம் நம்பி அழுதவள், இதை மட்டும் ஏன் நம்பக் கூடாது? நேராகப் போய்த் தலைவர் வீட்டு வாசலில் உட்கார்ந்தாள். நெஞ்சில் ஓர் அடி அடித்துக்கொண்டாள்.

"தமுக்கத் தூக்கி வூட்ல வச்சே,
எலி கடிக்கும்னு சொல்லி வச்சே,
எலிக்குக் காவல் இருந்த ராசா,
எமனுக்குக் காவல் யார வச்சே?

ஏழு சாவெ எடுத்து வச்சே,
ஏழு தபா எங்கள அழ வச்சே,
எட்டாஞ் சாவுக்கு ஆளில்லேன்னு
எஞ் சாமி நீயே பூட்டியே!

கறிசோறு போட்ட மகராசா,
கைநாட்டு வாங்குன மகராசா,
ஆயுசுக்கும் நீயேன்னு எழுதுனியே,
ஆயுசு இம்புட்டுத்தானா ராசா!"

முதல் பாட்டுக்குச் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இரண்டாவதற்கு எங்கோ ஒரு சிரிப்பு வெடித்து, அடங்கி, இருமலாக மாறியது. மூன்றாவதற்கு எல்லோரும் அவரவர் பெருவிரலைப் பார்த்துக்கொண்டார்கள். ஒப்பாரியில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். இழவு வீட்டில் அழுகிறவளை யார் தடுப்பது? முனியனே கழியைக் கீழே போட்டுவிட்டுத் தேம்பினான். அவன் அழுதது தனக்காக.

"கருப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கூப்பிட்டாள் செல்லியம்மாள். கருப்பன் ஊரிலேயே சாது. வாயைத் திறந்து அவன் பேசுவது வருஷத்துக்கு இரண்டு தடவை. "தாய்மாமன் கோடித்துணி போடணும்டா. படவேட்டுக்குப் போய்ச் சொல்லு. ரெண்டு மாமனும் பூட்டாங்களாம். அவங்க புள்ளைங்க யாராவது இருந்தா வரட்டும்."

மூன்றாம் நாள் காலையில் கருப்பனுக்கு முன்னால் மேலே ஏறி வந்தார் ஒரு பெரியவர். வலது காதில் கடுக்கன். தோளில் புதுத் துணி. மலை ஏறிய மூச்சு வாங்கலோடு "எனக்கு முன்னாடி பூட்டியேடா எருமெ!" என்று கதறிக்கொண்டே வந்து விழுந்தார்.

செல்லியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். இந்தக் கிழவர் கண்ணில் வழிவது நிஜமான கண்ணீர். தான் செய்தது பாவம் என்று அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுவாதீங்க மாமா. உங்க மருமவன் நல்லாத்தான் இருக்காரு. வாணியம்பாடியில கீறாரு."

"அப்ப செத்தது யாரு?"

"நீங்கதான்" என்றாள் அவள். "ரெண்டு தபா."

ராஜாக்கண்ணு மாமாவுக்கு அதை விளங்கவைக்க நெடுநேரம் ஆயிற்று. தன் முதல் சாவுக்கும் இரண்டாவது சாவுக்கும் போட்ட விருந்தில் யார் யார் என்னென்ன தின்றார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். நாட்டுக்கோழி போட்டார்களா என்று கேட்டார். ஆடு என்றதும் அவருக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"எலே, என்னெ ரெண்டு தபா சாவடிச்சவன் ஒரு தபா செத்தா இன்னா? தாய்மாமன் நான் சொல்றேன், கோடி போட்டாச்சி!" என்று புதுத் துணியை எடுத்துத் தலைவர் கோலின் மேல் போர்த்தினார். "நடக்க வேண்டிய காரியத்த நடத்துங்க!"

நடத்தினார்கள். கோல் ஊர் நடுவுக்கு வந்தது. தமுக்கு வந்தது. மூன்று பேர் குடுவை வைத்தார்கள். நாலு வருஷத்துக்குப் பிறகு செல்லியம்மாள் குடுவைக்குள் கையை விட்டாள். கொட்டை உள்ளே விழுகிற அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை பாட்டு இல்லாத அழுகை. கருப்பன் ஜெயித்தான். அவனிடம் பயப்பட ஒன்றுமில்லை என்பதால் ஜெயித்தான். அவனே ஆச்சரியப்பட்டுக் கோலைத் தலைகீழாகப் பிடித்தான்.

பிறகு சீட்டு. ஆனைப்புளி அர்ச்சுனனுக்கு விழுந்தது. செல்லியம்மாள் மலை தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். பிரித்துப் பார்த்த கருப்பன் வாயைப் பொத்திக்கொண்டான்.

கஞ்சப்புளி.

"ஐயோ என் தலையெழுத்தே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த மரத்தையும் அதன் வம்சத்தையும் வாய் வலிக்கும்வரை திட்டினாள். திட்டி முடித்துப் பார்த்தால், வயிற்றில் இருந்த எரிச்சல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இதை அவள் கையே எடுத்தது. இன்னும் ஒரு வருஷம்தானே.

ஒன்பதாம் நாள் தீர்த்தகிரி வந்தார். தாலுகா அதிகாரி தேர்தல் வேலையாக முகாம் போயிருந்ததால் மனுவை வாங்கிக்கொள்ளவே ஆள் இல்லை. காகிதம் அப்படியே குடைக்குள் சுருட்டிக் கிடந்தது. ஊர் எல்லையிலேயே சேதி அவர் காதுக்குப் போய்விட்டது. வேறு யாரிடமும் போகவில்லை, நேராகச் செல்லியம்மாள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூட வெளியே கழற்றிவிட்டார்.

"செல்லி, நீ ஒருத்தி பாடுனா ஊரே கேக்குது. நான் உயிரோடதான் இருக்கறேன்னு ஒரு பாட்டு பாடிடு. கோலு எனக்கு வந்துடும். ஆனைப்புளிய உனக்கே எழுதிக் குடுத்துடறேன். ஆயுசுக்கும்."

எட்டு மூட்டை. பொய் சொல்வானேன், செல்லியம்மாள் வாயில் எச்சில் ஊறியது. தீர்த்தகிரியின் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கொஞ்சம் இரக்கமாகவும் இருந்தது.

"யாரு ஆயுசுக்கு தலைவரே? உங்க ஆயுசா, என் ஆயுசா?" என்றாள். "உங்களுக்கு இன்னா வேணுமோ அத சபையில கேளுங்க. நீங்க பேச இடம் வாங்கித் தர நான் ஆளு. நீங்க சொல்ற பாட்டு பாட நான் ஆளு இல்ல. எழுந்திருங்க."

இரண்டு பேருமாகக் கருப்பனிடம் போனார்கள். தெருவே பின்னால் வந்தது. தீர்த்தகிரி குடையை ஊன்றிக்கொண்டு, "சபையக் கூட்டு, நான் பேசணும்" என்றார்.

கருப்பன் யோசித்தான். முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னான். "எப்படிங்க கூட்டறது? தலைவர் வூட்ல தீட்டு இருக்குதே. பதினாறு நாளு ஆவட்டும்."

அன்றைக்கு ஈச்சங்கொல்லை சிரித்த சிரிப்பு மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். முனியன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். செல்லியம்மாளுக்கும் விலா நோகச் சிரிப்பு வந்தது. ஆண்டவனே, இந்தச் சாதுவுக்கு இப்படி ஒரு வாயா! சிரித்துக்கொண்டே திரும்பிக் கஞ்சப்புளியைப் பார்த்தாள். கிளை வெறுமையாக இருந்தது.

"தமுக்கு எங்கடா கருப்பா?"

"எங்கூட்ல வச்சிருக்கறேன்க்கா" என்றான் அவன் சாதாரணமாக. "மரத்துல தொங்குனா எலி கடிச்சிடுதில்ல."

அவள் சிரிப்பு நின்றுபோயிற்று. சுற்றிலும் பார்த்தாள். மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எலி கடிக்கும்தானே என்று யாரோ தலையைக்கூட ஆட்டினார்கள். கருப்பனிடம் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

நேராக அவன் வீட்டுக்குள் நுழைந்தாள். தமுக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இந்த வருஷம் கஞ்சப்புளி அவள் மரம், அதில் யார் எதைத் தொங்கவிடுவது என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. கிளையில் கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

"எலி கடிச்சா கடிச்சிட்டுப் போவட்டும்" என்றாள். "தோலு கிழிஞ்சா லத்தீப் பாய்கிட்ட சொல்லி வேற வாங்கிக்கலாம்."

பிறகு தானே அதைத் தட்டினாள். கருப்பன் முகம் சிவந்து, கோலை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். முப்பத்தெட்டு வீடும் உட்கார்ந்தது. செத்துப்போன தீர்த்தகிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். கிணற்றைத் தூர் வாரியது, ஓடு போட்டது, எல்லாம் சொன்னார். குடைக்குள் இருந்த காகிதத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை, செல்லியம்மாள் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார். வெயில் சாயும்வரை பேசினார். ஒருவரும் எழுந்து போகவில்லை.

குடுவைகளை மறுபடி வைத்தார்கள். தீர்த்தகிரியின் குடுவையில் மூன்றே மூன்று கொட்டைகள் இருந்தன. அவை யார் யாருடையவை என்று யாரும் கேட்கவில்லை.